வெள்ளைக்காலனின் குரல்

மயில் அகவும், குயில் கூவும், காகம் கரையும், ஆந்தை அலறும், கிளி மிழற்றும், வண்டு முரலும் என்று இளமையில் மனப்பாடம் செய்த ஒலி மரபுப் பாடம் நேயர்களுக்கு நினைவிருக்கும். தலைநகரில் நடுவணரசின் மொழிபெயர்ப்புப் பணியில் ஆண்டுகள் பல கழித்துவிட்ட நமக்கு, அந்தப் பாடம் அண்மையில் ஒரு நாள் எதிர்பாராத வகையில் துணைக்கு வந்தது. வந்து, பாதி வழியில் நம்மைக் கைவிட்டும் விட்டது.

நம் மேசைக்கு வந்த தாள், மேற்கிந்தியத் தீவுகளின் பறவைகளைப் பற்றிய சிறு குறிப்புகளின் தொகுப்பு. ஒரு பறவைக்கு நான்கைந்து வரிகள். நீளம் இவ்வளவு, நிறம் இன்னது, வாழிடம் இன்னது, குரல் இத்தன்மையது என்ற முறையில் வரிசையாகச் செல்லும். ஒன்றன்பின் ஒன்றாகத் தமிழாக்கி வந்தோம். செயின்ட் லூஷியா என்னும் தீவுக்கே உரிய ஒரு சாம்பல் நிறக் குருவியின் பக்கத்தை அடைந்தபோது எழுதுகோல் நின்றுவிட்டது. 'டக்-டிக்-டிக்-டக்' என்பது போன்ற மெல்லிய அழைப்பொலி உடையது, பாட்டு அறியப்படவில்லை. அவ்வளவே குறிப்பு. அறியப்படவில்லை என்று தமிழில் எழுதுவதற்கு ஒரு நொடி போதும். ஆனால் அந்தப் பறவை பாடியதா, கூவியதா, மிழற்றியதா? எந்த வினைச்சொல்லை அதற்கு உரிமையாக்குவது? குரலைக் கேட்டவர் இருந்தால் அல்லவோ மரபு பிறக்கும்! இந்தச் சிறு ஐயமே நம்மை நூலகத்துக்கு இழுத்துச் சென்றது. அங்கே கண்டவற்றை நேயர்களோடு பகிர்ந்துகொள்வதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் பறவையின் குலத்தைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் இதனைச் 'செம்பர் வார்ப்ளர்' என்கின்றனர். வார்ப்ளர் என்ற சொல்லைக் கேட்டதும் நம் ஊர் வயல்களிலும் வேலிகளிலும் திரியும் கதிர்க்குருவிகள் நினைவுக்கு வரும். ஆனால் அமெரிக்க வார்ப்ளர்களுக்கும் நம் கதிர்க்குருவிகளுக்கும் நெருங்கிய உறவு எதுவும் இல்லை. ஐரோப்பாவிலிருந்து கடல் கடந்து சென்று குடியேறியவர்கள், புது நாட்டில் பூச்சி தின்று திரிந்த சிறு பறவைகளைக் கண்டு, தம் ஊர்ப் பறவையின் பெயரையே அவற்றுக்கும் சூட்டிவிட்டார்கள். பிறந்த மண்ணை விட்டுப் போகிறவர்கள் செய்கிற காரியம்தான் இது. டில்லியின் சந்தையில் முன்பின் அறியாத கீரை ஒன்றைக் கண்டால், ஊர்க்கீரை ஒன்றின் பெயரைச் சொல்லி அழைத்துவிட்டு வாங்கி வருகிறோம் அல்லவா?

அமெரிக்க வார்ப்ளர் குடும்பத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அவற்றுட் சில, கனடாவின் காடுகளில் கோடையைக் கழித்துக் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்தில் தெற்கே பறந்து வருபவை. வேறு சில, வெப்ப மண்டலத்திலேயே ஆண்டு முழுவதும் நிலைத்து வாழ்பவை. பழைய நூல்கள் பெரும்பாலும் முதல் வகையையே பேசின. ஏனெனில் நூல் எழுதியவர்கள் வடக்கே வாழ்ந்தவர்கள். வசந்தத்தில் ஆண் பறவை மரக்கிளையின் நுனியில் அமர்ந்து பாடும். பெட்டை மௌனமாகக் கூடு கட்டும். இதுவே உலக வழக்கு என்று நெடுங்காலம் கருதிவிட்டார்கள். வெப்ப நாடுகளின் காடுகளில் நின்று கேட்டவர்களுக்கு வேறு செய்தி கிடைத்தது. அங்கே பல இனங்களில் ஆணும் பெண்ணும் ஆண்டு முழுவதும் ஒரே எல்லையைக் காத்து வாழ்கின்றன; பெட்டைகளும் பாடுகின்றன. 2014-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், செய்தி கிடைத்த பாடும் பறவை இனங்களுள் நூற்றுக்கு 71 பங்கில் பெண் பறவையும் பாடுவது தெரியவந்தது. பாடாத பெட்டைதான் பிற்கால மாறுதல் என்று அந்த ஆய்வு கூறியது. எங்கே நின்று கேட்கிறோம் என்பதைப் பொறுத்துச் சாத்திரமே மாறிவிடுகிறது!

வெப்ப மண்டலத்தில் நின்று பொறுமையோடு கேட்டவர்களுள் அலெக்சாண்டர் ஸ்கட்ச் முதன்மையானவர். 1904-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் பிறந்த இவர், தாவர நூல் வல்லுநராக வாழை ஆராய்ச்சியின் பொருட்டு மத்திய அமெரிக்காவுக்குச் சென்றார். போன இடத்தில் பறவைகள் அவரைப் பிடித்துக்கொண்டன. 1941-இல் கோஸ்ட்டா ரிக்கா நாட்டில் ஒரு பண்ணை நிலத்தை வாங்கி, அங்கேயே வாழ்ந்து, 2004-இல் நூறாவது பிறந்தநாளுக்குச் சில நாட்களே இருக்கையில் மறைந்தார். குறிப்பேடும் பொறுமையுமே அவருடைய தலையாய கருவிகள். ஒரு கூட்டின் எதிரே மணிக்கணக்கில் அசையாமல் அமர்ந்திருந்து, பறவை எத்தனை முறை வந்தது, எத்தனை முறை பாடியது என்று எழுதி வைப்பார்.

அந்தப் பகுதியின் ஓடைக்கரைகளில் வாழும் வார்ப்ளர் ஒன்று உண்டு. அதன் வாலடி வெளிர்மஞ்சள். வாலை ஓயாமல் அசைத்தபடி நீரோரக் கற்களின் மேல் தத்தித் திரியும். கரைச்சரிவில் கூரை வேய்ந்தாற்போன்ற கூட்டைக் கட்டிப் பக்கவாட்டில் வாயில் வைக்கும். இதன் பாட்டு தாழ்ந்த குரலில் தொடங்கிப் படிப்படியாக உரத்து, இறுதியில் கணீர் கணீரென்று மணியடித்தாற்போல் ஒலிக்கும். பாறைகளில் மோதி இரையும் ஓடைக்கு அருகில் வாழும் பறவைக்கு மெல்லிசை எதற்கு உதவும்? நீரின் இரைச்சலை மீறி எட்டுவது எதுவோ, அதுவே அதற்குப் பாட்டு. சந்தையில் காய் விற்பவரின் குரலும் கோயிலில் ஓதுவாரின் குரலும் வேறு வேறாக இருப்பதற்கு இடமும் ஒரு காரணம் அன்றோ?

பாட்டு என்றும் அழைப்பொலி என்றும் பிரித்துப் பேசுகிறோமே, அதன் பொருள் என்ன? அழைப்பொலி குறுகியது. ஆபத்தைச் சொல்லவும், துணையோடு தொடர்பு விடாமல் இருக்கவும் பயன்படுவது. பெரும்பாலும் பிறவியிலேயே வந்து சேர்வது. பாட்டு நீண்டது. என் எல்லைக்குள் வராதே என்று அண்டைவீட்டானுக்கு எச்சரிக்கை. இங்கே வா என்று துணைக்கு அழைப்பு. பாடும் பறவைகளின் குஞ்சு இதனைப் பெரியவற்றிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளவேண்டும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் தார்ப் 1950-களில் சாஃபிஞ்ச் என்னும் பறவையின் குஞ்சுகளை வளர்த்து இதனை மெய்ப்பித்தார். மூத்த பறவைகளின் பாட்டைக் கேட்காமல் வளர்ந்த குஞ்சு, உரிய காலம் வந்ததும் பாடத்தான் செய்தது. ஆனால் அந்தப் பாட்டு உருக்குலைந்த, எளிய, தன் இனத்தாரே ஏற்கத் தயங்கும் பாட்டாக இருந்தது.

தார்ப்புக்கு இந்த ஆராய்ச்சியில் கைகொடுத்தது ஒரு கருவி. அதன் வரலாறு சுவையானது. பறவையின் குரலைத் தாளில் பிடிக்க மனிதர் பட்ட பாடு சிறிதன்று. அமெரிக்காவில் ஸ்கைலர் மாத்யூஸ் என்பவர் 1904-இல் வெளியிட்ட நூலில், பறவைப் பாட்டுகளை மேல்நாட்டு இசையின் ஐந்து கோட்டுக் குறியீட்டில் எழுதிப் பார்த்தார். பறவையோ சுருதிப் பெட்டியைக் கேட்டுப் பாடுவதில்லை. அதன் சுரங்கள் கோடுகளுக்கு இடையே நழுவி விழுந்தன. 1935-இல் அரிட்டாஸ் சாண்டர்ஸ் என்பவர் கோடுகளின் உயரத்தாலும் நீளத்தாலும் சுரத்தின் ஏற்றத்தையும் கால அளவையும் காட்டும் வரைபடங்களைக் கையாண்டார். அவற்றில் இசைக்குறியீட்டின் இறுக்கம் இல்லை. ஆயினும் கேட்டவரின் செவி எவ்வளவு நுட்பமோ, அவ்வளவுதான் படமும் நுட்பம். மற்றவர்கள் எழுத்துக்களை நம்பினார்கள். நம் குறிப்பிலிருந்த 'டக்-டிக்-டிக்-டக்' அவ்வகையைச் சேர்ந்ததே. ஒரு மொழியின் எழுத்தில் எழுதிய ஒலியை மற்றொரு மொழியின் எழுத்துக்கு மாற்றும்போது பறவை இன்னும் ஒரு காத தூரம் பறந்துபோய்விடுகிறது. இதை மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

ஒலியையே பிடித்து வைக்கும் வழி 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்துவிட்டது. இங்கே நம் நாட்டவருக்குப் பெருமை தரும் ஒரு செய்தி உண்டு. 1889-ஆம் ஆண்டு, ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில், லுட்விக் கோக் என்னும் எட்டு வயதுச் சிறுவன், தந்தை வாங்கித் தந்த எடிசன் கருவியின் மெழுகு உருளையில் ஒரு கூண்டுப் பறவையின் பாட்டைப் பதிவு செய்தான். அதுவே நமக்குத் தெரிந்த பறவைப் பதிவுகளுள் முதலாவது என்று கருதப்படுகிறது. பாடிய பறவை நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் வாழும் சோலைபாடி! அந்தச் சிறுவன் பிற்காலத்தில் நாஜிகளின் ஆட்சியிலிருந்து தப்பி 1936-இல் இங்கிலாந்தில் புகலடைந்து, பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகத்தின் வாயிலாகப் பறவைக் குரல்களை வீடுதோறும் கொண்டு சேர்த்தார். சோலைபாடியின் அந்தப் பதிவு இன்றும் அழியாமல் இருக்கிறது.

கூண்டுப் பறவையை விட்டுக் காட்டுப் பறவையை அணுகியது, பேசும் படம் வந்த பிறகு. 1929 மே மாதத்தில், நியூயார்க் மாநிலத்தின் இதாக்கா நகரப் பூங்கா ஒன்றில், கார்னல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர்தர் ஆலன், திரைப்படக் குழு ஒன்றின் துணையோடு, காட்டுப் பறவைகளின் பாட்டை ஒலிப்படச் சுருளில் பதிவு செய்தார். வண்டி நிறையக் கருவிகள் வேண்டியிருந்தன. பின்னர் அவரும் பால் கெல்லாக் முதலிய நண்பர்களும், உட்குழிந்த பெரிய தட்டின் நடுவே ஒலிவாங்கியை அமைத்து, தொலைவிலுள்ள ஒரு குரலை மட்டும் திரட்டிக் கொணரும் முறையைக் கையாண்டனர். 1935-இல் இந்தக் குழு லூசியானாவின் காட்டில் தந்த அலகு மரங்கொத்தியின் குரலைப் பதிவு செய்தது. அந்தப் பறவையை ஐயமின்றிக் கண்டதாக எல்லாரும் ஏற்கும் கடைசி ஆண்டு 1944. அன்று அந்தக் குழு சேற்றிலும் சதுப்பிலும் கோவேறு கழுதை வண்டி கட்டிக்கொண்டு போயிராவிட்டால், இன்று அக்குரலுக்கு நம்மிடம் சான்றே இராது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில், மனிதப் பேச்சைக் கண்ணுக்குப் புலப்படுத்தும் கருவி உருவாயிற்று. 1951 வாக்கில் அது விலைக்குக் கிடைக்கலாயிற்று. ஒலியைக் கொடுத்தால் தாளில் படம் வரும். இடமிருந்து வலம் காலம். கீழிருந்து மேல் சுருதி. ஒலி வலுத்த இடத்தில் கறுப்பு அடர்த்தி. தார்ப் இதனைப் பறவைகளுக்குத் திருப்பினார். காதுக்கு ஒரே அதிர்வாகக் கேட்கும் வார்ப்ளரின் துடிப்பொலி, தாளில் சீப்பின் பற்களைப் போல் தனித்தனியாக நிற்கும். ஒரே பறவை பாடும் இரண்டு பாட்டுகளின் வேறுபாடும், இரு தீவுகளின் பறவைகளுக்கு இடையே உள்ள வழக்கு வேறுபாடும் அதில் தெரியும்.

இத்துணைக் கருவிகளும் வந்த பின்னரும் ஒரு பறவையின் பாட்டு அறியப்படாமல் போனது எப்படி? அதற்கு அத்தீவின் கதையைச் சொல்லவேண்டும்.

கரிபியக் கடலின் கிழக்கு ஓரத்தில் வரிசையாகக் கிடக்கும் எரிமலைத் தீவுகளுள் செயின்ட் லூஷியா ஒன்று. பரப்பு 616 சதுர கிலோமீட்டர். டில்லி ஆட்சிப் பகுதியின் பாதி கூட இல்லை. நடுவே மழைக்காடு போர்த்த மலைகள். மிக உயர்ந்த சிகரம் 950 மீட்டர். பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இதனைப் பந்தாடி, மாறி மாறிப் பதினான்கு முறை கைப்பற்றினர். 1814-இல் ஆங்கிலேயருக்கு உறுதியாயிற்று. 1979-இல் விடுதலை பெற்றது. ஆட்சி ஆங்கிலேயருடையதாயினும் மக்களின் வாய்மொழி பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல் மொழியே. அம்மொழியில் இப்பறவைக்கு 'பியே பிளான்' என்று பெயர். வெள்ளைக்காலன் என்று பொருள். முதுகெல்லாம் கருஞ்சாம்பல், வயிறு வெண்மை கலந்தது, வெளிறிய நீண்ட கால்கள். தரையை ஒட்டிய அடர்ந்த புதர்களில் பூச்சி தேடுவது.

இத்தீவில் வாழ்ந்த செம்பர் என்ற பாதிரியார் பறவைகளைச் சேர்த்துக் குறிப்பெழுதி இலண்டனுக்கு அனுப்பி வந்தார். அங்கிருந்த பிலிப் ஸ்கிளேட்டர் 1870-களில் இப்பறவைக்கு அறிவியல் பெயரிட்டபோது, பின்பாதியில் பாதிரியாரின் பெயரை வைத்தார். முன்பாதியான 'லூக்கோபேசா' என்பது கிரேக்கம். அதன் பொருளும் வெள்ளைக்கால் என்பதே! கரும்புத் தோட்டத்தின் கூலியாள் வைத்த பெயரும் இலண்டன் அறிஞர் வைத்த பெயரும் இவ்வாறு ஒன்றுபட்டு நிற்பதைக் கண்டு, மொழிபெயர்ப்பாளர்களாகிய நாம் சற்றே மகிழ்ந்தோம். தமிழில் வெள்ளைக்காலன் என்று நாம் எழுதியபோது மூன்றாவது சாட்சியும் சேர்ந்துகொண்டது.

19-ஆம் நூற்றாண்டில் இது மலைக்காட்டில் அவ்வளவு அரிய பறவை அன்று. 1833-இல் சட்டம் இயற்றப்பெற்று அடிமை முறை ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1859 முதல் 1893 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக மக்கள் கப்பலேற்றி இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். தெளிந்த நாளில் வடக்கே கண்ணுக்குத் தெரியும் மார்ட்டினிக் தீவுக்கு, 1853 முதல் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் சென்ற ஏறக்குறைய 25,000 பேருள் பெரும்பாலோர் தமிழரே. மாரியம்மனும் மதுரைவீரனும் அவர்களோடு கடல் கடந்து சென்றார்கள். அந்தக் கதை தனிப் பேச்சுக்கு உரியது. இங்கே நாம் சொல்ல வந்தது, அதே கரும்பை முன்னிட்டு இந்தியாவிலிருந்து போன வேறொரு பயணியைப் பற்றி.

1872-ஆம் ஆண்டு ஜமெய்க்காத் தீவின் தோட்ட முதலாளியான பான்கிராஃப்ட் எஸ்பியூட், கரும்பைக் கடித்து அழிக்கும் எலிகளை ஒழிப்பதற்காகக் கல்கத்தாவிலிருந்து ஒன்பது கீரிகளை வரவழைத்தார். நான்கு ஆண், ஐந்து பெண். அவற்றின் சந்ததிகள் தீவு தீவாகக் கொண்டு செல்லப்பெற்றன. 1880-களில் செயின்ட் லூஷியாவுக்கும் கீரி வந்து சேர்ந்தது. எலியோடு, அத்தீவுக்கே உரிய கொடிய நச்சுப்பாம்பையும் அது தீர்த்துக்கட்டும் என்று எதிர்பார்த்தார்கள். கீரி பகலில் இரை தேடுவது. எலி இரவில் நடமாடுவது. இருவரும் ஒருவரையொருவர் சந்திக்கும் வாய்ப்பே குறைவு என்பதை முன்கூட்டி எண்ணிப் பார்த்தவர் இல்லை. பகலில் கிடைத்தவை பல்லியும் ஓணானும், தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டையும் குஞ்சும். 20-ஆம் நூற்றாண்டு பிறந்து சில பத்தாண்டுகளுக்குள் வெள்ளைக்காலன் காண்பதற்கு அரிதாகிவிட்டது.

ஆகவே கீரியே குற்றவாளி என்று பல நூல்கள் எழுதிவிட்டன. நாமும் அப்படியே மொழிபெயர்க்கத் தொடங்கினோம். எழுதும்போது சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதை நினைவுக்கு வந்தது. வாயில் இரத்தத்தோடு வந்த கீரியைக் கண்டு, பிள்ளையைக் கொன்றது இதுவே என்று பார்ப்பனி அவசரப்பட்டு அதனைக் கொன்றாள். பிள்ளையோ உயிரோடு இருந்தது, இறந்து கிடந்தது பாம்பு. அந்தப் பழியிலிருந்து அவளை மீட்கக் கோவலன் பொருள் கொடுத்தான். வெள்ளைக்காலன் வழக்கில் சாட்சியம் இன்னும் மெலிவானது. அதன் கூட்டை எந்த ஆராய்ச்சியாளரும் கண்டு எழுதியதில்லை. தரையிலோ தரையை ஒட்டியோ கூடு கட்டியிருக்கவேண்டும் என்பது, இனத்தாரின் வழக்கத்தையும் பறவையின் நடமாட்டத்தையும் வைத்துச் செய்த ஊகமே. காடு வெட்டப்பட்டதும், கப்பலில் வந்த எலிகளும், ஒரே சிறு தீவின் உச்சிக் காட்டுக்குள் முடங்கிய இனத்தின் இயல்பான சிறுமையும் சேர்ந்தே அதனை வீழ்த்தியிருக்கலாம். கீரியின் மேல் நமக்கு ஐயம் வலுவாக உண்டு. தீர்ப்பெழுத மட்டும் மனம் ஒப்பவில்லை. கீரி தானாகக் கப்பலேறிப் போகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

1920-களுக்குப் பிறகு இப்பறவையை உறுதியாகக் கண்ட நிகழ்ச்சிகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. 1947-இல் ஒரு முறை. அப்புறம் 1961-இல் ஒரு முறை. அதற்குப் பின் கண்டோம் என்று சொன்னவர்கள் உண்டு. ஐயமற நிறுவியவர் இல்லை. தார்ப் தம் ஆராய்ச்சிகளையெல்லாம் தொகுத்துப் பறவைப் பாட்டைப் பற்றிய நூலை வெளியிட்டதும் அதே 1961-இல் என்பது நம்மைச் சற்றே உறுத்தியது. கையில் தூக்கிச் செல்லத்தக்க நாடா ஒலிப்பதிவுக் கருவிகள் அப்போது சந்தைக்கு வந்துவிட்டன. மெக்சிகோவிலும் வெனிசுவேலாவிலும் பறவைக் குரல்களைப் பதிவு செய்தவர்கள் இருந்தார்கள். கருவி இருந்தது, அதைக் கையாள வல்லவரும் இருந்தார்கள், பறவையும் இருந்தது. மூன்றும் ஒரு காலையில் ஒரே மலைச்சரிவில் கூடவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறான ஊழ் இக்குடும்பத்தின் மற்றோர் உறுப்பினருக்கு வாய்த்தது. அமெரிக்காவின் தென்கிழக்குச் சதுப்புக் காடுகளில் கோடையையும் கியூபாவில் குளிர்காலத்தையும் கழித்து வந்த பேக்மன் வார்ப்ளர் அது. அதன் பாட்டை 1950-களில் பதிவு செய்து வைத்தார்கள். பறவை போய்விட்டது. அழிந்த இனம் என்று அமெரிக்க அரசு 2021-இல் முன்மொழிந்து, 2023-இல் உறுதி செய்தது. ஆனால் அந்தத் துடிப்பொலியை இன்றும் எவரும் கேட்கலாம். பயன் என்ன என்று கேட்பவர் இருக்கக்கூடும். ஒரு மனிதர் மறைந்த வீட்டில் அவர் குரல் பதிந்த நாடா ஒன்று கிடைத்தால் அதனை எறிந்துவிட எவருக்கு மனம் வரும்?

இனி, பாட்டு மறைவதற்குப் பறவை முழுவதும் மறையவேண்டும் என்பதும் இல்லை. ஆஸ்திரேலியாவில் ரீஜென்ட் தேன்சிட்டு என்னும் பறவை மிகவும் குறைந்து, அகன்ற நிலப்பரப்பில் சிதறிக் கிடக்கிறது. 2021-இல் வெளியான ஆய்வின்படி, அதன் ஆண் பறவைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 12 பங்கு, தம் இனத்தின் பாட்டையே அறியாமல் வேற்றினப் பறவைகளின் பாட்டைப் பாடின. கற்றுத்தர அருகில் பெரியவர் இல்லாமையால், காதில் விழுந்ததைக் கற்றுக்கொண்டன. அவ்வாறு பாடிய பறவைகளுக்குத் துணை கிடைப்பதும் அரிதாயிற்று. செயின்ட் லூஷியாவின் கடைசி வெள்ளைக்காலன்கள் என்ன பாடின? தம் முன்னோரின் பாட்டையா, அல்லது பக்கத்து மரத்தில் ஓயாமல் பாடும் வேறொரு பறவையின் பாட்டையா? இக்கேள்வியைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த மாலையில், அடுத்த அறையில் நம் இளைய மகன் தன் தோழனோடு இந்தியில் விளையாடிக்கொண்டிருந்தான். நடுவே அம்மாவைக் கூப்பிட மட்டும் ஒரு தமிழ்ச்சொல் வந்தது. அழைப்பொலி பிறவியில் வருவது, பாட்டு கற்க வேண்டுவது என்று மேலே எழுதிய வரியை எடுத்து மீண்டும் ஒரு முறை படித்துப் பார்த்தோம்.

அத்தீவில் எல்லாமே இழப்பு என்று நேயர்கள் எண்ணிவிடலாகாது. 1970-களின் நடுவில் நூறு, நூற்றைம்பது என்ற அளவுக்குக் குறைந்துவிட்ட செயின்ட் லூஷியாக் கிளியை, 1979-இல் நாட்டுப் பறவையாக அறிவித்து, பள்ளிகளிலும் தேவாலயங்களிலும் அதைப் பற்றிப் பேசி, மக்களே காத்து மீட்டார்கள். வெள்ளைக்காலனின் உறவினரான செயின்ட் லூஷியா வார்ப்ளர் என்னும் மஞ்சள் நிறச் சிறு பறவை தீவெங்கும் பாடித் திரிகிறது. அண்டைத் தீவுகளின் பறவையோடு ஒன்றாகவே கருதி வந்த அதனை, 2000-ஆம் ஆண்டில் தனி இனமாக ஏற்றுக்கொண்டார்கள். அதன் பாட்டுக்குப் பதிவுகள் பல உள்ளன.

இப்போது காட்டு மரத்தில் கட்டிவிட்டு வந்தால் வாரக்கணக்கில் தானாகவே ஒலியைப் பதிவு செய்யும் சிறு பெட்டிகள் கிடைக்கின்றன. ஆயிரக்கணக்கான மணி நேர ஒலியைக் கணிப்பொறி சல்லடையிட்டு, தேடும் குரலை எடுத்துத் தரும். ஆனால் எந்தக் குரலைத் தேடுவது என்று அதற்கு முதலில் ஒரு மாதிரி காட்டவேண்டும். வெள்ளைக்காலனுக்கு மாதிரி ஏது? அத்தீவின் மலைக்காட்டில் அப்படித் தேட முனைகிறவர்கள் வேறு வழியில்தான் செல்லவேண்டும். அறிந்த பறவைகளின் குரல்கள், தவளைகள், பூச்சிகள், மழை, காற்று அனைத்தையும் ஒவ்வொன்றாகக் கழிக்கவேண்டும். கழித்தபின் எவருடையது என்று சொல்ல முடியாத ஏதேனும் ஒரு பாட்டு எஞ்சுமானால், அதன் அருகே போய் நின்று பார்க்கவேண்டும்.

நம் மொழிபெயர்ப்பை ஒருவாறு முடித்து அனுப்பினோம். மயிலுக்கு அகவலும் கிளிக்கு மிழற்றலும் கொடுத்த மொழியில், இந்தப் பறவைக்கு வினைச்சொல் எதுவும் கொடுக்கவில்லை. 'டக்-டிக்-டிக்-டக்' என்ற நான்கு அசைகளையும் உள்ளபடியே எழுதி, பாட்டு என்ற சொல்லுக்கு எதிரே அறியப்படவில்லை என்று மட்டும் குறித்தோம்.